ஒயிட் ரிம் ரோடு: ஜீப்பைக் கிளப்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் வடபகுதியில் ஐலண்ட் இன் த ஸ்கை என்றொரு மேட்டுநிலம். அந்த மேட்டைக் கீழிருந்து சுற்றி வரும் சுமார் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் மண் பாதைதான் ஒயிட் ரிம் ரோடு. போகப் போகிறோம் என்று சொல்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பாதையில் பெரும்பகுதி சுலபம்தான். ஆனால் ஏதாவது ஆனால் உதவி வந்து சேர வெகுநேரம் ஆகும், நடுவில் வண்டியோடு வெளியேற வழியும் கிடையாது. கீழே சொல்கிற எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

பள்ளத்தாக்கின் விளிம்பு என்கிறார்கள், கீழே என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. இடம் மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே மேட்டுநிலம், பார்வையாளர் மையமும் தார் ரோடும் அங்கேதான். அதிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கினால் வெள்ளை மணற்பாறையாலான ஒரு தளம். அதற்கும் கீழே இன்னொரு ஆயிரம் அடி போனால் கிழக்குப் பக்கம் கொலராடோ ஆறு, மேற்குப் பக்கம் கிரீன் ஆறு. ரோடு ஓடுவது நடு அடுக்கில். அதனால் ஒரு பக்கம் அண்ணாந்து பார்க்கும் சுவர், இன்னொரு பக்கம் எட்டிப் பார்க்கும் பாதாளம்.

அந்த வெள்ளைப் பாறை கெட்டி, அதன் அடியில் இருக்கும் சிவப்பு மண்பாறை மிருது. அடிப்பகுதி அரித்துக்கொண்டு போக, மேலே இருக்கிற வெள்ளை மட்டும் தொப்பி மாதிரி நின்றுவிடும். மான்யுமென்ட் பேசின் பக்கம் எட்டிப் பார்த்தால் வெள்ளைத் தொப்பி போட்ட சிவப்புத் தூண்கள் கூட்டமாக நிற்பது இதனால்தான்.

இவ்வளவு அத்துவானத்தில் யார் ரோடு போட்டார்கள்?

யுரேனியம் தேடியவர்கள். 1950களில் அணு ஆயுதத்துக்கு யுரேனியம் வேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஊக்கத்தொகை கொடுத்தது, தெற்கு யூட்டா முழுக்க புல்டோசர்கள் புகுந்தன, அப்போது வெட்டிய பாதைகளில் ஒன்று இது. மேட்டிலிருந்து இறங்கும் ஷேஃபர் பாதை அதற்கு முன்பே மாடு ஓட்டிக்கொண்டு போகும் தடமாக இருந்தது, லாரி போவதற்காக அகலப்படுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பகுதியில் சொல்லிக்கொள்ளும்படி யுரேனியம் ஒன்றும் கிடைக்கவில்லை, ரோடுதான் மிச்சம். 1964-இல் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள்.

என்னிடம் எஸ்யூவி இருக்கிறது, நல்ல உயரமான வண்டி. போதாதா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது, பெரும்பாலும் பதில் "போதாது". தரையிலிருந்து உயரம் வேண்டும், கூடவே லோ ரேஞ்ச் உள்ள ஃபோர் வீல் டிரைவும் வேண்டும். பூங்கா விதியிலேயே இரண்டும் இருக்கின்றன. ஆல் வீல் டிரைவ் என்று விற்கிற குடும்ப எஸ்யூவிகள் கணக்கில் வராது. பனியில் நன்றாகப் போனது, ஈரப் புல்லில் நன்றாகப் போனது என்பதெல்லாம் வேறு கதை.

லோ ரேஞ்ச் எதற்கு என்று புரிந்துகொண்டால் இந்த வாதமே வராது. டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டியில், 4எல் (லோ ரேஞ்ச்) போட்டால் அதே எஞ்சின் சுற்றுக்குச் சக்கரம் மிக மெதுவாகச் சுற்றும், இழுவிசை பெருகும். ஏறும்போது பாறைப்படியில் சக்கரத்தை வைத்து, வேகம் எடுக்காமல், அப்படியே ஊர்ந்து ஏறலாம். லோ ரேஞ்ச் இல்லாத வண்டி அதே படியை ஏற ஓடிவந்து மோதித்தான் ஏறும், அந்த மோதலில்தான் பம்பரும் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பேனும் போகின்றன. இறங்கும்போது இன்னும் முக்கியம்: முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட வேண்டிய வேலை குறைவு. ஷேஃபரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் வண்டிகள் பாதி வழியிலேயே கருகல் வாசனை அடிக்க ஆரம்பித்துவிடும்.

உயரம் என்றால் குறைந்தது 8 அங்குலம், சுமார் 20 சென்டிமீட்டர். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், குனிந்து வண்டிக்கு அடியில் எது மிகத் தாழ்வாகத் தொங்குகிறது என்று நீங்களே பாருங்கள். ஆட்கள், தண்ணீர், கூடாரம் எல்லாம் ஏற்றிய பிறகு அதுவும் குறையும். நீளமான பிக்கப் என்றால் இன்னொரு சிக்கல், சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் தூரம் அதிகம் என்பதால் மேடான இடத்தில் வயிறு தட்டும்.

ஏடிவி, யூடிவி எனப்படும் சின்ன மண்பாதை வண்டி ரகங்களுக்கு இந்தப் பூங்காவில் அனுமதி இல்லை.

வாடகை வண்டி எடுத்துக்கொண்டு போகலாமா?

விமான நிலையத்தில் எடுக்கிற சாதாரண வாடகை காரின் ஒப்பந்தத்தைப் படியுங்கள், மண் ரோட்டில் ஓட்டக்கூடாது என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். ஜீப்பாகவே இருந்தாலும் அதேதான். ஏதாவது ஆனால் காப்பீடு கைகொடுக்காது. பக்கத்து ஊரான மோவாபில் இதற்கென்றே தயார் செய்த ஜீப்புகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. எடுக்கும்போது ஒயிட் ரிம் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஸ்டெப்னியைக் கீழே இறக்கிப் பாருங்கள், ஜாக்கியும் அதன் கைப்பிடியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெர்மிட் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பினாலும் வேண்டும், சைக்கிளுக்கும் வேண்டும். பகல் பயணத்துக்கு ஒரு நாளைக்கு 50 மோட்டார் வண்டிகள், 50 சைக்கிள்கள் என்று உச்சவரம்பு. இரவு தங்குவதற்குத் தனி பெர்மிட், நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. வழி நெடுக 10 இடங்களில் மொத்தம் 20 கூடாரத் தளங்கள் மட்டுமே, ஒரு தளத்துக்கு அதிகபட்சம் 15 பேர், 3 வண்டிகள். எல்லாம் ரெக்ரியேஷன் டாட் கவ் இணையதளத்தில்தான் பதிவு. வசந்தகாலமும் இலையுதிர்காலமும் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், அதனால் முதலில் தளம் கிடைக்கும் தேதியைப் பார்த்துவிட்டு அப்புறம் அலுவலகத்தில் லீவு சொல்வதுதான் புத்திசாலித்தனம். இதற்கு மேல் பூங்கா நுழைவுக் கட்டணம் தனி.

எத்தனை நாள்? எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

வண்டியில் இரண்டு அல்லது மூன்று நாள். ஒரே நாளில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், விடியும் முன் கிளம்பி இருட்டுகிற நேரத்தில் வெளியே வருவார்கள். ஓட்டியவருக்கு நினைவிருப்பது ஸ்டீயரிங் மட்டும்தான். என்னைக் கேட்டால் அது வீண். ஒரு இரவாவது தங்குங்கள், முடிந்தால் இரண்டு.

பெரும்பாலோர் கடிகாரச் சுற்றில் போகிறார்கள்: ஷேஃபர் வழியாக இறங்கி, கிழக்குப் பக்கம் கொலராடோவைப் பார்த்தபடி தெற்கே போய், மர்ஃபி ஹாக்பேக் என்ற மேட்டில் ஏறி இறங்கி, மேற்குப் பக்கம் கிரீன் ஆற்றோரமாக வந்து மினரல் பாட்டம் வழியாக மேலேறுவது. எதிர்ச் சுற்றிலும் போகலாம், தடையில்லை. தங்குமிடத்தில் எனக்குப் பிடித்தது மர்ஃபி ஹாக்பேக்கின் உச்சி, இரண்டு பக்கமும் திறந்த வெளி. ஆனால் காற்று அடித்தால் கூடார முளைகளை நம்பிப் பயனில்லை. அந்த மாதிரி இரவுக்கு ஆற்றோரத்தில் இருக்கும் பொட்டேட்டோ பாட்டம் தேவலாம், கொசு இருக்கும் என்பது வேறு விஷயம்.

பயமாக இருக்குமா? உண்மையில் எங்கே கஷ்டம்?

ஷேஃபர் இறக்கத்தின் படங்களைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மலைச்சுவரில் கொண்டை ஊசி வளைவு கொண்டை ஊசி வளைவாக சுமார் 1,500 அடி இறங்குகிறது, ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. பார்க்க அப்படி இருந்தாலும், காய்ந்திருக்கும் நாளில் பாதை அகலமாகவும் மட்டமாகவும்தான் இருக்கும். உயரம் கண்டு தலை சுற்றுகிறவர்கள் சுவர்ப் பக்கம் உட்கார்ந்துகொள்ளட்டும், அவ்வளவுதான்.

நிஜமான சோதனை மர்ஃபி ஹாக்பேக்கும் ஹார்ட்ஸ்க்ராபிள் மேடும். மர்ஃபி குறுகலான செங்குத்து ஏற்றம், பாறைப்படிகளும் உதிரிக் கற்களும் கலந்து கிடக்கும், பானெட்டுக்கு முன்னால் வானத்தைத் தவிர ஒன்றும் தெரியாத ஒரு கட்டம் வரும். எனவே அடியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் மேலே நடந்து போக வேண்டும். எதிரே வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்கு ஒன்று, எந்தத் தடத்தில் சக்கரத்தை வைப்பது என்று முடிவு செய்வதற்கு இன்னொன்று. பிறகு 4எல், முதல் கியர், ஒரே சீரான மிதி. நடுவில் சக்கரம் வெறுமனே சுழல ஆரம்பித்தால் மேலும் மிதிக்காதீர்கள், காலை எடுத்து, நேராகப் பின்னால் இறங்கி, வேறு தடத்தில் ஏறுங்கள். பாதி ஏற்றத்தில் வண்டியைத் திருப்ப முயற்சி செய்வதுதான் உருளுவதற்குச் சுருக்கு வழி.

ஹார்ட்ஸ்க்ராபிள் வேறு மாதிரி. அங்கே செங்குத்தை விட எதிரே வருவது தெரியாத வளைவுகளும் காலடியில் வழுக்கும் பொடிக்கல்லும்தான் தொல்லை. கடைசி நாள், அலுப்பு, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்ற அவசரம் எல்லாம் சேரும் இடமும் அதுதான். கொலராடோ ஆற்றுக்கு இறங்கும் லாத்ராப் கிளைப்பாதையும் சுலபமில்லை, நேரமும் அனுபவமும் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அதற்குப் பதில் ஒயிட் கிராக் கிளைப்பாதையில் போங்கள், தெற்கு முனை வரை கண்ணுக்கு விருந்து.

எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்குவது?

ஏறி வருகிறவருக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் பின்னால் போய் இடம் கொடுக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் யாருக்கு அகலமான இடம் பக்கத்தில் இருக்கிறதோ அவர் ஒதுங்குவதுதான் நியாயம். இறங்கிப் பேசிக்கொள்ளுங்கள், கை காட்டிக் குழப்பாதீர்கள். சைக்கிள்காரர்களைக் கடக்கும்போது புழுதி கிளப்பாமல் ஊர்ந்து போங்கள். மினரல் பாட்டம் வளைவுகளில் படகு ஏற்றிய டிரெய்லர்கள் எதிரே வரலாம், ஆற்றுப் பயணம் முடித்தவர்கள் கரையேறும் இடம் அது.

டயரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவ்வளவு முக்கியமா?

என்னைக் கேட்டால் வண்டியை விட முக்கியம். இந்தப் பாதையில் டயர் போவது ஆணி குத்தி இல்லை. பாறையின் விளிம்பு பக்கவாட்டுச் சுவரைக் கிழிப்பதால். எப்படி நடக்கிறது என்றால், எதிரே வந்தவருக்கு வழிவிட வலது பக்கம் ஒடிப்பீர்கள், முன்சக்கரம் பாறையைச் சரியாகத் தாண்டிவிடும், பின்சக்கரம் உள்ளே வெட்டி வருவதால் அதே பாறையின் கூர்மையான ஓரத்தில் உரசிக்கொண்டு போகும். "சர்ர்" என்று ஒரு சத்தம், பிறகு காற்று இறங்கும் சத்தம். நடு டயரில் ஓட்டை என்றால் பஞ்சர் கிட்டில் இருக்கும் திரியைச் செருகி ஒப்பேற்றிவிடலாம், பக்கவாட்டில் கிழிந்தால் ஸ்டெப்னிதான் கதி.

அதனால் முழு அளவு ஸ்டெப்னி இருக்க வேண்டும். சைக்கிள் சக்கரம் மாதிரி ஒன்றைக் கொடுத்திருப்பார்களே, அது ஆகாது. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகை வேண்டும், மணலில் ஜாக்கி மட்டும் புதைந்துகொண்டே போகும், வண்டி ஏறாது. கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், பட்டறையில் மெஷின் வைத்து முறுக்கிய நட்டுகள் கையால் கழலவே கழலாது என்று அங்கே போய்த் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள். தார் ரோட்டில் 35 பிஎஸ்ஐ என்றால் இங்கே 22, 25 என்று வைத்தால் டயர் பாறையைக் கவ்வும், உடம்பு குலுங்குவதும் குறையும். ரொம்ப இறக்கினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, மேலே சொன்ன கிழிசலுக்கு நாமே வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆகும். திரும்ப அடிக்க, பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரெஸர் போதும்.

தண்ணீர், பெட்ரோல்?

வழியில் இரண்டும் இல்லை. ஒரு சொட்டுகூட. தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு, வெயில் காலத்தில் அதற்கு மேல், அதோடு ஒரு நாள் கூடுதலாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நினைத்து இன்னொரு நாளுக்கும் சேர்த்து. ஒரே பெரிய கேனில் வைக்காமல் பிரித்து வையுங்கள், குலுங்கலில் ஒன்று ஓட்டையானால் மற்றது இருக்கும். ஆறு பக்கத்தில்தானே என்று நினைக்க வேண்டாம். பாதையின் பெரும்பகுதியில் ஆறு ஆயிரம் அடி கீழே இருக்கிறது, எட்டும் இடத்தில் வண்டல் கலங்கி ஓடுகிறது, வடிகட்டி கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோலை மோவாபில் முழுக்க நிரப்புங்கள். சுற்று 100 மைல் என்றாலும் ஊரிலிருந்து போய்வரும் தூரமும் சேரும், லோ ரேஞ்சில் ஊர்ந்தால் வண்டி வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். டேங்க் சின்னது என்றால் ஒரு கேன் கூட வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வெளியே கட்டி.

எப்போது போவது? மழை வந்தால்?

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும், நிழல் கிடையாது. குளிர்காலத்தில் ஷேஃபரில் பனி உறைந்தால் மூடிவிடுவார்கள்.

மழைதான் இந்த ஊரின் எமன். ஆண்டு முழுக்கப் பெய்வது சொற்பம், ஆனால் கோடை கடைசியில் வருகிற இடிமழை ஒரு மணி நேரத்தில் வறண்ட ஓடையைக் காட்டாறாக்கிவிடும். தலைக்கு மேல் நீல வானமாக இருக்கும், எங்கேயோ மேட்டில் பெய்த தண்ணீர் இங்கே வந்து சேரும். ஓடைக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள், ஓடும் தண்ணீரைக் கடக்காதீர்கள், மேட்டில் நின்று வடியும் வரை காத்திருங்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஈரக் களிமண் இன்னொரு ரகம், ஃபோர் வீல் எல்லாம் அங்கே செல்லாது, நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். 2010 ஆகஸ்டில் வந்த வெள்ளம் மினரல் பாட்டம் வளைவுகளையே அடித்துக்கொண்டு போனது, அடுத்த ஆண்டு மறுபடி கட்டித்தான் திறந்தார்கள். மே, ஜூனில் பனி உருகி கிரீன் ஆறு பெருகினால் மேற்குப் பக்கத் தாழ்வான பகுதிகள் தண்ணீருக்குள் போகலாம், சுற்றை முடிக்க முடியாமல் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். கிளம்பும் அன்று காலை பார்வையாளர் மையத்தில் ரேஞ்சரிடம் பாதை நிலவரம் கேட்காமல் இறங்காதீர்கள்.

நடுவழியில் வண்டி நின்றுவிட்டால்?

செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும், எப்போது திரும்புவோம் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வண்டியை விட்டு நகராதீர்கள். மேட்டுக்கு ஏறும் நடைபாதைகள் கூஸ்பெரி, மர்ஃபி போன்ற இடங்களில் இருப்பது உண்மைதான், ஆனால் ஆயிரம் அடி ஏற்றம், வெயில், கையில் அரை பாட்டில் தண்ணீர் என்று கிளம்பினால் தேடுகிறவர்களுக்கு ஒரு இடத்துக்குப் பதில் இரண்டு இடம் தேட வேண்டிவரும். அந்த வழியாக இன்னொரு வண்டி வரும் வாய்ப்பே அதிகம்.

டோ வண்டி வரும், ஆனால் செலவு 1,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும். சாதாரண சாலை உதவித் திட்டங்கள் இந்த மாதிரி மண் பாதைக்கு வரமாட்டார்கள் என்பதால் அது சொந்தக் காசு. இரண்டு வண்டியாகப் போனால் இந்தக் கவலையில் பாதி போய்விடும்.

பாதையை விட்டுக் கொஞ்சம் ஓரமாக ஏற்றி நிறுத்தலாமா? வெறும் மண்தானே?

கூடாது. குனிந்து பாருங்கள், மண்ணின் மேல் கறுப்பாக, முடிச்சு முடிச்சாக ஒரு பொருக்கு இருக்கும். அது உயிருள்ளது: நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் பாசியினமும் சேர்ந்து மண்ணைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. அது இருப்பதால்தான் மண் காற்றில் பறக்காமல் இருக்கிறது, செடி முளைக்கிறது. ஒரு முறை டயர் ஏறினால் பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள். இறங்கி நடந்தாலும் பாறை மேல் அல்லது ஓடை மணலில் நடங்கள்.

நாய், ட்ரோன், கேம்ப் ஃபயர், பாத்ரூம்?

நாய்க்கு அனுமதி இல்லை, வண்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் இல்லை. ட்ரோன் எந்தத் தேசியப் பூங்காவிலும் கூடாது. விறகு எரிக்கக் கூடாது, கேஸ் அடுப்பு கொண்டு போங்கள். தங்கும் இடங்களில் குழிக் கழிப்பறை உண்டு, குப்பைத் தொட்டி கிடையாது, எல்லாவற்றையும் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

எனக்கு அரை நாள்தான் இருக்கிறது. ஒன்றும் பார்க்க முடியாதா?

பார்க்கலாம். ஷேஃபரில் இறங்கி, பகல் பெர்மிட்டோடு ஒயிட் ரிம்மில் சுமார் 3 மைல் போனால் மசல்மன் ஆர்ச். பாறை விளிம்போடு விளிம்பாக, தரை மட்டத்தில் ஒரு பாலம் போல நிற்கும். பழைய படங்களில் ஆட்கள் அதன் மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், இப்போது அதன் மேல் நடக்கத் தடை. வந்த வழியே ஏறலாம், அல்லது பொட்டாஷ் ரோடு வழியாக மோவாபுக்கே இறங்கலாம். அந்த வழியில் சிவப்பு மண்ணுக்கு நடுவே பளீரென்று நீலக் குளங்கள் வரும். பொட்டாஷ் உப்பு எடுக்க நிலத்தடியிலிருந்து ஏற்றிய தண்ணீர் அது, வெயில் சூட்டை அதிகம் இழுத்து சீக்கிரம் ஆவியாகட்டும் என்று நீலச்சாயம் கலக்கிறார்கள்.

மேலே ஏறி வந்தாயிற்று. அப்புறம்?

மினரல் பாட்டம் வளைவுகளுக்கு மேல் இன்னும் ஏறத்தாழ 13 மைல் மண் ரோடு ஓட்டினால்தான் 313-ஆம் நெடுஞ்சாலை. தார் தொடங்கும் இடத்தில் நிறுத்தி டயருக்குக் காற்று அடியுங்கள், இறக்கிய காற்றோடு நெடுஞ்சாலை வேகத்தில் போனால் டயர் சூடாகி வெடிக்கும். 4எல்லிலிருந்து வெளியே வந்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் அதிர்ந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சக்கரத்தின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும், மோவாபில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் சரியாகிவிடும். கழுவும்போது அடிப்பாகத்தையும் கழுவச் சொல்லுங்கள், அங்கே புதுக்கீறல் ஏதாவது இருந்தால் வாடகைக்காரர் கண்டுபிடிப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.